முழுக்கட்டை எலக்ட்ரிக் கிட்டார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிட்டார் ரிப்பேர் எனக்குத் தொழில் இல்லை, பழக்கம். சனி, ஞாயிறு வந்தால் வீட்டு மேசையில் யாருடைய கிட்டாராவது பிரிந்து கிடக்கும். கொண்டுவந்தவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் ஸ்க்ரூ கழற்றுவதைப் பார்த்துக்கொண்டே கேட்பார். பத்துப் பதினைந்து கேள்விகள்தான் மாறி மாறி வருகின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். பேச்சு முழுக்க 1950-க்கும் 1960-களின் நடுப்பகுதிக்கும் இடையில் அமெரிக்காவில் பிறந்த டெலிகாஸ்டர், லெஸ் பால், ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) என்ற மூன்று மாடல்களையும் சுற்றித்தான். லெஸ் பால் கிப்சன் கம்பெனியுடையது, மற்ற இரண்டும் ஃபெண்டருடையவை. இன்று கடையில் தொங்குகிற கிட்டார்களில் பெரும்பாலானவை இவற்றின் பிள்ளைகள் அல்லது பேரப்பிள்ளைகள்.

"உள்ளே குடைவே இல்லையே சார், சத்தம் எங்கேயிருந்து வருது?"

தந்தியிலிருந்து. வீணைக்குக் குடம் இருக்கிறது, சாதாரண கிட்டாருக்கு வயிறு இருக்கிறது. தந்தியின் அதிர்வை வாங்கிக் காற்றை அசைப்பது அவற்றின் வேலை. முழுக்கட்டை கிட்டாரில் அந்த வேலைக்கு ஆளே வைக்கவில்லை. தந்திக்குக் கீழே காந்தம், அதைச் சுற்றித் தலைமுடி அளவு மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. இதுதான் பிக்கப். எஃகுத் தந்தி காந்தத்துக்கு மேலே ஆடும்போது சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புவது ஆம்ப். ஒருவர் விரல் வலிக்கிறது என்று நைலான் தந்தி மாட்டிவிட்டு, "ஆம்ப் செத்துப்போச்சு" என்று ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆம்பில் ஒரு குறையும் இல்லை, நைலானைக் காந்தம் கண்டுகொள்ளாது, அவ்வளவுதான்.

பிறகு எதற்கு முழுக்கட்டை? குடைந்த கிட்டாரிலும் பிக்கப் வைக்கலாம், வைத்தார்கள். கிப்சன் 1936-லேயே இ.எஸ்-150 என்று ஒன்றை விற்றது. ஆனால் ஆம்பைக் கூட்டினால், ஸ்பீக்கர் சத்தம் கிட்டாரின் மேல்பலகையை உலுக்கும், அது தந்தியை உலுக்கும், பிக்கப் அதையும் பிடித்து மறுபடி ஸ்பீக்கருக்கே அனுப்பும். கல்யாண மண்டபத்தில் மைக் ஊளையிடுமே, அதே கதை. கனமான கட்டை அவ்வளவு எளிதில் ஆடாது. ஆகவே ஊளை குறையும், மீட்டிய ஸ்வரமும் நின்று ஒலிக்கும்.

"அப்போ இதைக் கண்டுபிடிச்சது யாரு? ஆளுக்கொரு பேர் சொல்றாங்க."

எல்லாரும் ஓரளவு சரியாகத்தான் சொல்கிறார்கள். ஜார்ஜ் பீச்சம் 1931-ல் வடிவமைத்து, அடோல்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1932-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'வாணலி' கிட்டார் அலுமினியத்தில் வார்த்தது. வட்ட உடம்பும் நீளக் கைப்பிடியுமாக நிஜமாகவே வாணலி மாதிரி இருக்கும். ஆனால் அது மடியில் படுக்க வைத்து, இரும்புத் துண்டால் தேய்த்து வாசிக்கிற ஹவாய் வகை.

நின்று வாசிக்கிற வகைக்கு வந்தால், லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் 1940 வாக்கில் நாலுக்கு நாலு அங்குல பைன் கட்டை ஒன்றில் பிக்கப் வைத்து, எபிஃபோன் கம்பெனியின் கிட்டார் கழுத்தைச் சேர்த்தார். பார்ப்பவர்கள் முகம் சுளித்ததால், பழைய கிட்டார் ஒன்றை இரண்டாக அறுத்து இரு பக்கமும் இறக்கை மாதிரி ஒட்டினார். ஒலிக்கு அந்த இறக்கைகளால் ஒரு பயனும் இல்லை, கண்ணுக்காக மட்டும். கலிஃபோர்னியாவில் பால் பிக்ஸ்பி 1948-ல் மெர்ல் ட்ராவிஸ் என்ற கலைஞருக்குச் செய்த கிட்டாரில் ஆறு முறுக்காணிகளும் ஒரே பக்கமாக வரிசை கட்டி நின்றன. இவை எல்லாம் ஒன்றிரண்டு பேருக்காகச் செய்த உருப்படிகள். கடையில் போய்க் காசு கொடுத்து வாங்கலாம் என்கிற அளவுக்கு வரிசையாகச் செய்து தள்ளிய முதல் ஆள் லியோ ஃபெண்டர், 1950-ல்.

"ஃபெண்டருக்கு கிட்டார் வாசிக்கவே தெரியாதாமே, நெஜமாவா?"

நிஜம்தான். என் கணக்கில் அதுதான் அவருடைய பலம். 1938-லிருந்து கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். இசைக் கலைஞர்கள் கெட்டுப்போன ஆம்பையும் பிக்கப்பையும் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்க, எது எங்கே உடையும், எதைக் கழற்றுவது தொல்லை என்பது அவருக்கு அத்துப்படி ஆனது. பரம்பரையாக கிட்டார் செய்தவர்கள் வயலின் செய்தவர்களின் வாரிசுகள். இவர் ரிப்பேர்காரர்.

டெலிகாஸ்டரைக் கையில் எடுத்துப் பாருங்கள். உடம்பு ஆஷ் மரப் பலகை, வளைவு எதுவும் இல்லை, ரொட்டிப் பலகையில் விளிம்பை மட்டும் உருட்டிவிட்ட மாதிரி. கழுத்து ஒரே மேப்பிள் துண்டு. ஃப்ரெட்டுகளை, அதாவது விரல் வைக்கிற பக்கம் குறுக்கே பதிக்கிற உலோகக் கம்பிகளை, தனிப் பலகையில் பதித்து ஒட்டாமல் கழுத்திலேயே நேரடியாக இறக்கிவிட்டார்கள். வளையாமல் இருக்க உள்ளே வைக்கிற இரும்புக் கம்பியைப் பின்பக்கமாகப் பள்ளம் தோண்டிப் போட்டு, மேலே கறுப்பு வால்நட் பட்டையால் மூடினார்கள். பழைய ஃபெண்டர் கழுத்தின் முதுகில் ஓடுகிற கோடு அதுதான். கழுத்தையும் உடம்பையும் சேர்ப்பவை நான்கு ஸ்க்ரூக்கள், அவற்றின் தலைக்குக் கீழே ஓர் இரும்புத் தகடு. எல்லாரும் 'போல்ட்' என்கிறார்கள், உண்மையில் மர ஸ்க்ரூதான், நட்டு எதுவும் கிடையாது. கழுத்து கெட்டால் கழற்றிவிட்டு வேறு மாட்டு, உடம்பைத் தொடாதே என்பதுதான் இதன் உள்ளர்த்தம். என் மேசையில் பிரிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

"பிராட்காஸ்டர், நோகாஸ்டர், டெலிகாஸ்டர்... மூணும் வேற வேறயா?"

ஒரே கிட்டார், பெயர்தான் மாறியது. 1950-ல் ஒற்றைப் பிக்கப்போடு எஸ்கொயர் என்று வந்தது. அதே ஆண்டு இரட்டைப் பிக்கப்போடு பிராட்காஸ்டர். க்ரெட்ஷ் நிறுவனம் அதே பெயரில், ஓர் எழுத்து மட்டும் மாற்றி, டிரம் விற்றுக்கொண்டிருந்தது. 1951 தொடக்கத்தில் அவர்கள் ஆட்சேபிக்க, ஃபெண்டர் சண்டைக்குப் போகவில்லை. அச்சடித்து வைத்த ஸ்டிக்கரில் மாடல் பெயரை மட்டும் கத்திரியால் வெட்டி எறிந்துவிட்டு, 'ஃபெண்டர்' என்கிற துண்டை ஒட்டி அனுப்பினார்கள். சில மாதங்கள் அப்படிப் பெயரில்லாமல் போன உருப்படிகளைத்தான் சேகரிப்பாளர்கள் பிற்காலத்தில் 'நோகாஸ்டர்' என்றார்கள். தொலைக்காட்சி வீடு வீடாக நுழைந்துகொண்டிருந்த நேரம், அதனால் டெலிகாஸ்டர் என்ற பெயர் நிலைத்தது.

"லெஸ் பால்னா ஆளா, கிட்டாரா? அவரேதான் டிசைன் பண்ணினாரா?"

ஆள்தான் முதலில். மேலே பைன் கட்டையோடு வந்தாரே, அவரேதான். அந்தக் கட்டையை கிப்சனிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர்கள் கண்டுகொள்ளவில்லை. ஃபெண்டரின் பலகை விற்கத் தொடங்கியதும் கிப்சனுக்குச் சுருக்கென்றது. 1952-ல் லெஸ் பால் மாடல் வந்தது. அப்போது அவர் மனைவி மேரி ஃபோர்டோடு சேர்ந்து பாடி, வாசித்து அமெரிக்கா முழுக்கப் புகழோடு இருந்த சமயம். யார் எவ்வளவு வடிவமைத்தார்கள் என்பதில் அவரும், அன்றைய கிப்சன் தலைவர் டெட் மெக்கார்ட்டியும் கடைசிவரை ஒரே கதையைச் சொல்லவில்லை. தங்க நிறமும், தந்திகளின் அடிநுனியைப் பிடிக்கிற, ஊஞ்சல் மாதிரியான தந்திப் பிடியும் லெஸ் பால் பங்கு. மேல்பலகையைக் குவித்துச் செதுக்கியது கிப்சன் பங்கு. வயலின் மரபில் வந்த கலமஸூ தொழிற்சாலையில் அதற்கான இயந்திரமும் கையும் இருந்தன. ஃபெண்டரிடம் இரண்டும் இல்லை, காப்பி அடிக்க முடியாது.

அந்த ஊஞ்சல்தான் முதல் வருஷக் கிட்டாரைக் கெடுத்தது. கழுத்தின் சாய்வு போதாததால் தந்தியைப் பிடிக்குக் கீழே சுற்றி எடுக்கவேண்டி வந்தது. உள்ளங்கையை வைத்துத் தந்தியை அமுக்கி வாசிக்க இடமில்லாமல் போனது. விரைவிலேயே மாற்றினார்கள்.

"ஸ்ட்ராட்டுக்கு எதுக்கு ரெண்டு கொம்பு? ஸ்டைலுக்கா?"

பார்க்க அழகு என்பது உபரி லாபம். கீழ்க்கொம்புக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள வெட்டு, மேல் ஃப்ரெட்டுகளுக்குக் கை எட்டுவதற்கு. மேல்கொம்பு நீண்டிருப்பது வார் மாட்டுகிற ஆணியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட் பக்கமாகத் தள்ளுவதற்கு. அப்போதுதான் தோளில் தொங்கவிட்டால் தலை கீழே சாயாது. டெலிகாஸ்டரின் விளிம்பு விலா எலும்பில் குத்துகிறது என்று ரெக்ஸ் காலியன், பில் கார்சன் போன்ற கலைஞர்கள் குறை சொன்னார்கள். அதனால் பின்பக்கம் வயிற்றுக்கும், முன்பக்கம் முழங்கைக்கும் மரத்தை இழைத்து எடுத்தார்கள். 1954-ல் வெளிவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உருவத்தில் பாதி, இப்படிக் குறை கேட்டுக் கேட்டு வந்ததுதான். வரைபடப் பலகையில் ஃபெண்டரில் வேலை பார்த்த ஃப்ரெடி டவாரெஸின் கை இருந்தது.

அதில் மூன்று பிக்கப். ஆனால் அவற்றுக்கு மூன்றே நிலை கொண்ட ஸ்விட்ச். வாசிப்பவர்கள் ஸ்விட்சை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்தி, இரண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கிற ஒருவித மூக்கடைத்த, மணி மாதிரியான ஒலியைக் கண்டுபிடித்தார்கள். நழுவிவிடக்கூடாதே என்று தீக்குச்சியைச் செருகியவர்களும் உண்டு. ஐந்து நிலை ஸ்விட்சைத் தொழிற்சாலையே போட 1977 ஆனது. இருபத்து மூன்று வருஷம்!

"அந்த ஆட்டுற கம்பி ட்ரெமோலோவா, வைப்ராட்டோவா?"

சுருதியை அசைப்பது வைப்ராட்டோ, சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது ட்ரெமோலோ. ஸ்ட்ராட்டின் பிரிட்ஜில், அதாவது உடம்பில் தந்திகள் ஏறி நிற்கிற பாகத்தில், செருகி ஆட்டுகிற கம்பி செய்வது முதலாவதை. லியோ அதற்கு ட்ரெமோலோ என்று பெயர் வைத்தார், சத்தத்தை அசைக்கிற தன் ஆம்புக்கோ வைப்ராட்டோ என்று எழுதினார். சங்கீதம் வாசிக்காதவர் என்று முன்பே சொன்னேனே. இப்போது திருத்தி யாருக்கும் லாபமில்லை.

பொருளாகப் பார்த்தால் அபாரமான வேலை. முதலில் செய்த வடிவம் சரிப்படாமல், அதற்குச் செய்த அச்சுகளையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்தார்கள். வந்தது இதுதான்: பிரிட்ஜ் ஆறு ஸ்க்ரூக்களின் மேல் தராசு மாதிரி நிற்கும். ஒரு பக்கம் ஆறு தந்திகளின் இழுப்பு, மறுபக்கம் முதுகுக் குழியில் ஐந்து ஸ்பிரிங்குகள். இரண்டும் சமமானால் சுருதி. ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகுவது இதனால்தான். என்னைக் குறை சொல்லாதீர்கள்.

"ஸ்ட்ராட் மட்டும் ஏன் உம்ம்னு இரையுது? லெஸ் பால் இரையலையே?"

பிக்கப் என்பது ஒரு சுருள் என்று முதல் பதிலில் சொன்னேன். சுருளுக்குத் தந்தியும் ஒன்றுதான், ட்யூப் லைட்டும் ஒன்றுதான். வீட்டு வயரிங்கில் ஓடுகிற 50 ஹெர்ட்ஸையும் அது பிடித்துவிடும். கிப்சனில் வேலை பார்த்த சேத் லவர் இரண்டு சுருள்களை அக்கம்பக்கம் வைத்து, ஒன்றை எதிர்த்திசையில் இணைத்து, காந்த முனையையும் தலைகீழாக்கினார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக வந்து அழிந்துபோகும். தந்தியின் ஒலியோ இரண்டு முறை புரண்டு ஒன்றாகக் கூடும். ஹம்பக்கர் என்ற பெயருக்கு இரைச்சலை எதிர்ப்பது என்றுதான் அர்த்தம். லெஸ் பாலில் இது ஏறியது 1957-ல். அதற்கு முந்தைய லெஸ் பாலும் ஒற்றைச் சுருள்தான், அதுவும் இரையும்.

காப்புரிமைக்கு 1955-ல் விண்ணப்பித்து, கிடைத்தது 1959-ல். கிடைத்த பிறகும் 1962 வாக்கு வரை அடியில் 'காப்புரிமை விண்ணப்பிக்கப்பட்டது' என்றுதான் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். இன்று அந்த ஸ்டிக்கருள்ள பிக்கப்புக்குத்தான் கொள்ளை விலை. பிறகு எண் அச்சிட்ட ஸ்டிக்கர் வந்தது. அந்த எண்ணைத் தேடிப் பார்த்தால் வருவது பிக்கப்பின் காப்புரிமை இல்லை, முன்னே திட்டினோமே, லெஸ் பாலின் அந்த ஊஞ்சல் தந்திப் பிடியின் காப்புரிமை! போட்டியாளர்களைத் திசைதிருப்பத்தான் என்று சிலர் சொல்கிறார்கள்.

"லெஸ் பால்ல தந்தியை வளைக்கிறது சுலபமா இருக்கே, ஏன்?"

நீளம்தான் காரணம். ஃபெண்டரில் நட்டிலிருந்து (ஸ்க்ரூ நட்டு இல்லை, கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் ஏறி வருகிற சின்னத் துண்டு) பிரிட்ஜுக்கு இருபத்தைந்தரை அங்குலம், கிப்சனில் இருபத்து நாலே முக்கால். அதே தந்தி, அதே சுருதி, ஆனால் நீளம் குறைந்தால் இழுப்பும் குறையும்.

"மரம் முக்கியமா, இல்லையா? ஒரே அடிதடியா இருக்கு."

என் அபிப்பிராயம் இது: பிக்கப், அதன் இடம், தந்தி, ஆம்ப், ஸ்பீக்கர் இவ்வளவுக்கும் பிறகுதான் உடம்பு மரம். ஃபெண்டர் 1956-ல் ஆஷை விட்டு ஆல்டருக்குப் பெரும்பாலும் மாறியது, அதில் வண்ணம் பூசுவது சுலபம் என்பதால். எடை விஷயத்தில் மட்டும் மரம் நிச்சயம் பேசும். மகோகனி மேல் மேப்பிள் போர்த்திய லெஸ் பாலை இரண்டு மணி நேரம் தோளில் போட்டவரைக் கேளுங்கள்.

ஃப்ரெட் பலகையில் நம் ஊர் மரம் ஒன்று இருக்கிறது. 1950-களின் கடைசியில் ஃபெண்டரும் மேப்பிளை விட்டு ரோஸ்வுட்டுக்கு வந்தது. வெளிர் மேப்பிள் வியர்வையில் அழுக்கேறி அசிங்கமாகத் தெரிந்தது. முதலில் பிரேசில் ரோஸ்வுட். அது அருகத் தொடங்கியதும் 1960-களில் இந்திய ரோஸ்வுட் அந்த இடத்துக்கு வந்தது, அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வார்கள். தாத்தா வீட்டுக் கட்டிலும் ஸ்ட்ராட்டின் ஃப்ரெட் பலகையும் ஒரே சாதி மரம்.

"கீழே விழுந்துச்சு, தலை உடைஞ்சுடுச்சு. ஏன் கிப்சன் மட்டும் உடையுது?"

இந்தக் கேள்வியோடு வருபவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பார். வழுக்கி மல்லாந்து விழுந்திருக்கும். தந்திகள்தான் தலையைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டிருக்கும்.

கிப்சன் தலை வயலின் மரபுப்படி பின்னால் சாய்ந்தது, 17 டிகிரி. கழுத்து ஒரே மகோகனி துண்டு. மரநார் கழுத்தோடு நேராக ஓடுகிறது, தலை சாயும் இடத்தில் அது குறுக்கே அறுபட்டு நிற்கிறது. அதே இடத்தில்தான் உள்கம்பியைத் திருகுவதற்குக் குழியும் தோண்டியிருக்கிறார்கள். ஏற்கெனவே மெலிந்த இடம். மல்லாந்து விழுந்தால் முதலில் தரையில் படுவது தலையின் நுனி. ஃபெண்டர் தலையோ கழுத்துப் பலகையிலிருந்தே நேராக வெட்டியது, சாய்வே கிடையாது. தந்தி நட்டில் அழுந்தவேண்டும் என்பதற்காகச் சின்னக் கொக்கி ஒன்றை மேலே வைத்தார்கள். மரத்தை மிச்சம் பிடிக்கச் செய்ததுதான், ஆனால் உடைவதில்லை.

1970 வாக்கில் கிப்சன் அந்த இடத்தின் பின்புறம் ஒரு மேடு விட்டுச் செதுக்கிப் பலப்படுத்தியது. பழைய மாதிரி இல்லையே என்று ரசிகர்கள் முணுமுணுக்க, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் எடுத்துவிட்டார்கள்! உடைந்தால் செய்யவேண்டியது: தந்திகளைத் தளர்த்துங்கள், சிலும்புகளைப் பிய்க்காதீர்கள், கடையில் விற்கும் உடனடிப் பசையை ஊற்றாதீர்கள். சுத்தமான உடைப்புக்குள் மரப்பசையைச் செலுத்தி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டால் நன்றாகவே பிடிக்கும். முதலில் உடனடிப் பசையால் ஒட்டி, மறுபடி உடைந்து வருபவைதான் என் உயிரை எடுக்கின்றன.

"'ப்ரீ-சி.பி.எஸ்'னு சொல்லி மூணு மடங்கு விலை கேட்கிறாங்க. அது என்ன?"

1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் நிறுவனத்தை ஒலிபரப்பு நிறுவனமான சி.பி.எஸ்-க்கு ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு விற்றார். அதற்கு முன் செய்தவை 'ப்ரீ'. அதற்குப் பிறகு உற்பத்தி பெருகியது, தலைப்பகுதி பெருத்தது, 1971-ல் ஸ்ட்ராட்டின் நான்கு ஸ்க்ரூ மூன்றாகக் குறைந்தது, தரம் பற்றிய புலம்பலும் தொடங்கியது. 1985-ல் பில் ஷுல்ட்ஸ் தலைமையில் உள்ளே இருந்தவர்களே திரும்ப வாங்கினார்கள், சி.பி.எஸ் கொடுத்ததைவிடக் குறைந்த விலைக்கு.

ஆனால் 1965 ஜனவரியில் ஒரே இரவில் எதுவும் மாறிவிடவில்லை. அதே ஆட்கள், அதே மரம், அதே பெட்டியிலிருந்த பாகங்கள். அந்த வருஷத்துக் கிட்டார்கள் அருமையானவை, தேதிக்காக மட்டும் விலை குறைந்தவை.

"1959 லெஸ் பால் ஒண்ணு கோடிக்கணக்கில் போகுதே. அவ்வளவு நல்லா விற்ற மாடலா?"

விற்காத மாடல். 1958-லிருந்து 1960 வரை செர்ரி சன்பர்ஸ்ட் வண்ணத்தில் (நடுவில் மஞ்சள், ஓரத்தில் சிவப்பு) வந்தவை மொத்தமே ஆயிரத்து ஐநூறு வாக்கில்தான். கனம், விலை, பழைய பாணி என்று வாங்க ஆளில்லை. 1961-ல் அந்த உருவத்தையே கைவிட்டு, மெல்லிய, இரட்டைக் கொம்பு வடிவத்துக்குப் போனார்கள். இன்று எஸ்.ஜி என்கிறோமே, அது. சில வருஷங்கள் கழித்து எரிக் க்ளாப்டன், மைக் ப்ளூம்ஃபீல்ட் போன்ற கிட்டார் கலைஞர்கள் பழைய சன்பர்ஸ்ட்டை எடுத்துப் பெரிய ஆம்பில் முழுச் சத்தம் வைத்து வாசிக்க, எல்லாருக்கும் அதுவே வேண்டும் என்றானது. 1968-ல் கிப்சன் பழைய உருவத்தை மறுபடி கொண்டுவந்தது. அந்தச் சிவப்புச் சாயமும் வெயிலில் நிற்காது. எலுமிச்சை, தேன், டிகாஷன் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறமாக வெளுத்தது. அந்தக் குறைக்கும் சேர்த்துத்தான் இன்று காசு.

"இது 'லாசூட்' கிட்டார்னு சொல்லி விக்கிறார். வாங்கலாமா?"

'லாசூட்' என்றால் வழக்கு. கிப்சனைக் காப்பியடித்து வழக்கு வாங்கியவை என்று சொல்லி விற்கிற ஜப்பானியக் காப்பிகளுக்கு அந்தப் பெயர். கிட்டார் பிடித்திருந்தால் வாங்குங்கள், கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். 1977-ல் கிப்சனின் தாய் நிறுவனமான நார்லின், ஐபனெஸ் என்ற ஜப்பானிய கிட்டார் பிராண்டின் அமெரிக்க விநியோகஸ்தரான எல்கர் மீது வழக்குப் போட்டது. தகராறு தலைப்பகுதியின் வடிவம் பற்றி மட்டுமே. வழக்கு வருவதற்குள் ஐபனெஸ் அதை மாற்றியே விட்டது, பிறகு சமரசமும் ஆனது. மற்ற ஜப்பானியக் காப்பிகள் அந்த நீதிமன்றப் படியையே மிதிக்கவில்லை. ஃபெண்டர் தன் உடம்பு வடிவங்களுக்கு வணிகச் சின்ன உரிமை கேட்டபோது, 2009-ல் அமெரிக்க வணிகச் சின்ன வாரியம் மறுத்துவிட்டது. எல்லாரும் ஸ்ட்ராட் உடம்பைச் செய்துகொண்டு தலையை மட்டும் மாற்றி வெட்டுவதன் ரகசியம் இதுதான்.

"நம்ம சங்கீதம் இதுல வருமா?"

மாண்டலின் ஸ்ரீநிவாஸைக் கேட்டிருப்பீர்கள். அவர் வாசித்தது எலக்ட்ரிக் மாண்டலின்; வழக்கமான எட்டு தந்திக்குப் பதில் ஐந்து ஒற்றைத் தந்தி. இரட்டைத் தந்தியை வளைத்துக் கமகம் கொண்டுவருவது பெரும்பாடு, ஒற்றைத் தந்தி வளையும். நின்று ஒலிப்பதற்கு ஆம்ப் துணை. முதல் பதிலில் சொன்ன அதே காரணங்கள்தான்.

"பரண்ல ஒரு பழைய ஃபெண்டர் கிடைச்சிருக்கு. நெஜமாவே பழசான்னு எப்படிப் பார்க்கிறது?"

கழுத்துத் தகட்டின் எண்ணை நம்பாதீர்கள், அது நான்கு ஸ்க்ரூவில் கழன்று வருகிற சமாசாரம். தந்தியைத் தளர்த்தி, கழுத்தைக் கழற்றி, அடிப்பாகத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் பல கழுத்துகளில் பென்சிலாலோ முத்திரையாலோ மாதமும் வருஷமும் போட்டிருப்பார்கள். பிறகு வால்யூம் குமிழுக்கு அடியில் அதோடு திரும்புகிற பாட் என்ற மின் பாகத்தின் முதுகில் எண் இருக்கும். முதல் மூன்று இலக்கம் அதைச் செய்த கம்பெனி. 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ். அடுத்த இலக்கங்கள் வருஷமும் வாரமும். 304-க்குப் பின் 6012 என்றிருந்தால் 1960, பன்னிரண்டாவது வாரம். கிட்டார் அதற்கு முன் பிறந்திருக்க முடியாது. ஈயம் வைத்த இடம் மங்கலாக, கலையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பளபளவென்று இருந்தால் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

இத்தனையும் பொருந்தினாலும் கழுத்து ஒரு கிட்டாரிலிருந்தும் உடம்பு இன்னொன்றிலிருந்தும் வந்திருக்கலாம். எரிக் க்ளாப்டனின் 'பிளாக்கி'யே மூன்று பழைய ஸ்ட்ராட்டுகளைப் பிரித்துச் சேர்த்ததுதான். 2004-ல் ஏலத்தில் ஒன்பதரை லட்சம் டாலருக்கு மேல் போனது. உங்களுடையது பரணில் கிடைத்தது என்கிறீர்கள். சனிக்கிழமை கொண்டுவாருங்கள், ஸ்க்ரூ டிரைவர் என்னிடம் இருக்கிறது.